முனீஸ்வரன் கோவில் தெருவில் யாருக்கு நாற்காலி?

பழைய சாமான் கடைக்குள் நுழைய என் வயதுப் பெண்கள் பலர் தயங்குகிறார்கள். நகைக்கடையில் அரைநாள் உட்கார்ந்து, இருபது சங்கிலியை எடுத்துப் போடச் சொல்லி, ஒன்றும் வாங்காமல் எழுந்து வரத் தெரிந்தவர்கள்தான். ஆனால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், வாசல்வரை பித்தளையும் மரமும் அடுக்கியிருக்கும் கடையின் முன்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "வேணாம், வா போவோம்" என்று என் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது அவர்களுக்குத் தெரியாத பொருளா? அவர்கள் துலக்கிய பானை, மாவு பிழிந்த அச்சு, பிள்ளையைத் தூங்க வைத்த தொட்டில். தயக்கமெல்லாம் மேசைக்குப் பின்னால் இருப்பவர் தங்களை எப்படிப் பார்ப்பார் என்பதில்தான்.

நான் சிவகங்கைப் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அம்மா தேவகோட்டையில் ஒரு பெரிய வீட்டில் சமையல் பார்த்தார். அந்த வீட்டின் இரண்டாங்கட்டில்தான் நான் வளர்ந்தேன். எந்த அண்டா கல்யாணத்துக்கு மட்டும் இறங்கும், எந்த உருளியில் பால் காய்ச்சலாம், எதில் புளி ஊற்றக் கூடாது என்பதெல்லாம் படிக்காமலே தெரிந்தது. அதனால் இந்தத் தெருவில் நடக்கும்போது எனக்கு விலையைவிடப் பொருள்தான் முதலில் கண்ணில் படும்.

இத்தனை சாமான் ஒரே தெருவுக்கு எப்படி வந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து வட்டித் தொழில் செய்த காலத்தில் கட்டிய வீடுகளிலிருந்து வந்தவை இவை. 1930களின் பொருளாதார நெருக்கடியில் கடன் திரும்பாமல், கீழ்ப்பர்மாவின் நெல் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. 1942இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். பர்மா சுதந்திரம் பெற்ற 1948இலேயே நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்தது. போன சொத்து திரும்பவில்லை. ஆனால் வீடுகள் நின்றன, பர்மாத் தேக்குத் தூணோடும் இத்தாலிச் சலவைக்கல்லோடும். பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிகள் ஆனார்கள். மழையில் ஒழுகும் ஓட்டைச் செப்பனிடக்கூட எல்லோரும் கூடிப் பேச வேண்டும். கூட முடியாத இடத்தில் வீட்டைப் பிரித்தார்கள். கதவு தனி, தூண் தனி, சாமான் தனி. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றபோது, அந்த ஊர்களின் எத்தனையோ நிலைக்கதவுகள் ஏற்கெனவே பெங்களூருக்கும் புதுச்சேரிக்கும் போய் ஓட்டல் வாசல்களில் நின்றுகொண்டிருந்தன.

நகரத்தார் வீட்டுப் பெண்ணுக்குக் கொடுக்கும் சீர்ச் சாமான் கொஞ்சநஞ்சம் இல்லை. கல்யாணத்தன்று சாமான் பரப்பி வைப்பார்கள். வெள்ளி, வெண்கலம், பித்தளை, எவர்சில்வர், எனாமல், மங்கு, மரவை, ஓலைக் கொட்டான் என்று அறை நிறையும். ஒரே அளவில் டஜன் கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றிலும் அந்த வீட்டு விலாசத்தை வெட்டியிருப்பார்கள், தகப்பனார் பெயரும் பாட்டனார் பெயரும் சுருங்கிய எழுத்துகளாக. விசேஷத்துக்கு இரவல் போன பானை வீடு திரும்ப அந்த எழுத்துதான் வழி.

அம்மாவுக்கு எண்பது தாண்டிய பிறகு அவரை அந்தத் தெருவுக்குக் கூட்டிப் போனேன். கேட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் நுழைந்த கடையின் பெயரை எழுதப் போவதில்லை. கடைக்காரர் செல்போனில் இருந்தார். நிமிர்ந்து எங்கள் செருப்பையும் பையையும் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். வாங்க என்ற சொல் வரவில்லை.

அம்மாவின் கண் ஒரு எனாமல் தூக்கில் போய் நின்றது. பால் வெள்ளை, விளிம்பில் பச்சைக் கோடு, அடியில் சுவீடன் முத்திரை. மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார்.

"ஆத்தா, வாங்குறதா இருந்தா எடுங்க. இல்லைன்னா கீழ வைங்க."

"உள்ள பொரிஞ்சிருக்கான்னு பாத்தேன் தம்பி."

"பொரிஞ்சிருந்தாலும் வெலை அதேதான்."

"என்ன வெலைப்பா?"

"உங்களுக்குக் கட்டாது ஆத்தா."

அம்மா மூடியைப் பொருத்தி, எடுத்த இடத்திலேயே வைத்தார். கைப்பிடிகூட முன்பிருந்த பக்கம் பார்த்தே இருந்தது. அதே நேரம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வெள்ளைக்காரத் தம்பதி ஒன்றை டிரைவர் உள்ளே அழைத்து வந்தார். கடைக்காரர் எழுந்தார். நாற்காலி வந்தது, தண்ணீர் பாட்டில் வந்தது. அந்த அம்மாள் இரண்டு கையாலும் பொருளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பார்க்கத்தான் வந்தார்கள், ஆசையாகப் பார்த்தார்கள். அதே உரிமை என் அம்மாவுக்கு மறுக்கப்பட்டதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. அந்தத் தூக்கைப் போன்ற தூக்குகளை நாற்பது வருஷம் துலக்கிய கை அது.

பஸ்ஸில் வரும்போது அம்மா சொன்னது வேறு. "மூலையில ஒரு அண்டா இருந்துச்சே, பாத்தியா? விலாசத்தை ராவி எடுத்துட்டான்." நான் கவனிக்கவில்லை. அடுத்த முறை போனபோது வேறு சில கடைகளிலும் பார்த்தேன். பானையின் கழுத்துக்குக் கீழே விரல் அகலத்துக்கு மட்டும் புதுப் பளபளப்பு. எழுத்து இருந்த இடம்.

இது எங்களுக்கு மட்டும் நடந்தது என்று நினைத்திருந்தேன். பேச்சுவாக்கில் கேட்டால் ஆளுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு பல்லாங்குழி தேடிப் போன ஆசிரியையிடம், கடைக்காரர் விலை சொல்வதற்கு முன்னால் "எவ்வளவு வச்சிருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். புது வீட்டுக்கு ஒரு ஜோடிக் கதவு பார்க்கப் போன இளம் தம்பதிக்கு, காலையில் ஒரு விலை, அப்பாவோடு மாலையில் போனபோது இன்னொரு விலை. என் தங்கை மகள் ஒரு கண்ணாடி ஓவியத்தைப் போனில் படம் எடுத்தாள். கடைப் பையன் ஓடிவந்து, கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லி நின்றான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஏன் இப்படி என்று தெரிந்துகொள்ளாமல் குறை மட்டும் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அதே தெருவில் இன்னொரு கடைக்காரர், அறுபது வயதிருக்கும், என்னை உட்காரச் சொல்லிப் பேசினார். இந்தத் தொழிலில் முதல் போட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் பெரும்பாடு என்றார். வீட்டிலிருந்து வாங்கும்போது எடைக்கணக்கு, பித்தளை கிலோ இத்தனை என்று மொத்தமாக. விற்பது ஒவ்வொன்றாக. ஒரு மர அலமாரி இடத்தை அடைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் நிற்கும், கரையான் பார்க்க வேண்டும், வாடகை கட்ட வேண்டும். சின்னப் பொருள்கள் பைக்குள் போய்விடும். படம் எடுத்துக்கொண்டு போய் ஆசாரியிடம் காட்டி அதே மாதிரி செய்துகொள்கிறவர்கள் உண்டு. கார் டிரைவர்களுக்குக் கமிஷன் கொடுத்தாக வேண்டும், அதுவும் விலையில்தான் ஏறும். பத்துப் பேர் பார்த்தால் ஒருவர் வாங்குவார். அந்த ஒருவர் யாரென்று முகத்தைப் பார்த்தே முடிவு செய்யப் பழகிவிடுகிறார்கள்.

இவையெல்லாம் எந்தக் கடையிலும் உள்ள சிரமம்தானே என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொன்று சொன்னார். "உள்ளூர்ப் பெரிய மனுஷிங்கதான் எங்களுக்குப் பயம்மா. வந்து பானையைத் திருப்பிப் பாப்பாங்க. இது எங்க சித்தப்பா வீட்டுதாச்சே, யாரு வித்தாங்கன்னு கேப்பாங்க. ஒரு பங்காளி மத்தவங்களுக்குத் தெரியாம எடுத்து வித்திருப்பான். சண்டை எங்க வாசல்ல நடக்கும்." அதனால்தான் விலாசத்தை ராவுகிறார்களா என்று கேட்டேன். தான் செய்வதில்லை என்றும், செய்கிறவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாங்கும் சக்தி இல்லை என்று அம்மாவை அவர்கள் ஒதுக்கினார்கள், அது உண்மை. ஆனால் அந்தச் சாமானைப் பற்றித் தெரிந்தவர் வருவதும் அவர்களில் சிலருக்கு இடைஞ்சலாக இருக்கிறது. தெரியாதவரிடம் எதையும் எப்படியும் சொல்லி விற்கலாம். தெரிந்தவர் கேள்வி கேட்பார்.

கேள்விக்குப் பயப்படச் சட்டமும் ஒரு காரணம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம் 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நூறு ஆண்டுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், நாணயம் போன்றவை அதன்படி தொல்பொருள். அறிவியல், வரலாறு, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துச் சுவடி என்றால் எழுபத்தைந்து ஆண்டு போதும். அவற்றை வாங்கி விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர் பதிவேடு வைத்திருக்க வேண்டும். கற்சிலை, உலோகச் சிலை, ஓவியம் போன்ற சில வகைகளை வீட்டில் வைத்திருப்பவரே பதிவு செய்தாக வேண்டும், கைமாறினால் தெரிவிக்க வேண்டும். தனியார் யாரும் தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. யானைத் தந்தத்தில் செய்த சீப்போ பெட்டியோ எவ்வளவு பழையதானாலும் விற்பனைக்கு வரக் கூடாது. அதைத் தடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்.

சிலைத் திருட்டு எங்கோ நடக்கும் விஷயமாக நாம் நினைத்த காலம் போய்விட்டது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவு போன நடராசரை 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் விலைக்கு வாங்கியது. 2014இல் அந்நாட்டுப் பிரதமரே கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தார். நியூயார்க்கில் கலைப்பொருள் கடை நடத்திய சுபாஷ் கபூருக்கு 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் பத்து ஆண்டு சிறை விதித்தது. இதற்கென்றே தமிழ்நாட்டுக் காவல்துறையில் 1983 முதல் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு இயங்குகிறது. இந்தச் செய்திகளுக்குப் பிறகு, நேர்மையாகப் பானையும் கதவும் விற்பவர்கூட யாராவது போனைத் தூக்கினால் பதறுகிறார். அந்தப் பதற்றத்தை நான் மதிக்கிறேன். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்பது நம் பக்கத்து மரியாதை. அதே சமயம், சாமி சிலையை மூலையில் துணி போட்டு மூடி வைத்துக்கொண்டு "உங்களுக்காகத்தான்" என்று காதோடு பேசும் கடையில் ஒரு நிமிஷம்கூட நிற்காதீர்கள்.

சமையல் சாமானுக்கு இந்தப் பதிவுத் தொல்லை இல்லை. ஆனால் அங்கேதான் சாதாரண மக்கள் ஏமாறுகிறார்கள். கேட்பதற்குக் கூசுவதுதான் பாதிக் காரணம். எனக்கு அம்மா சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறேன்.

வெண்கலத்தையும் பித்தளையையும் ஒன்றாகப் பேசி விற்பார்கள். பித்தளை செம்பும் துத்தநாகமும். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும், விலை கூடுதல். விரல் முட்டியால் தட்டினால் வெண்கலத்தின் ஓசை நின்று அடங்கும், பித்தளையில் சீக்கிரம் மடங்கிவிடும். கீழே போட்டால் வெண்கலம் உடையும், பித்தளை நெளியும். எங்காவது ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று உள்பக்கம் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். பித்தளையில் சமைப்பதென்றால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும், முக்கியமாகப் புளி சேரும் குழம்புக்கு. பூச ஆள் உங்கள் ஊரில் கிடைப்பாரா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஈயச்சொம்பில் இன்னும் கவனம் வேண்டும். ரசத்துக்கு என்று ஆசையாக வாங்குகிறார்கள். அது வெள்ளீயமாக இருக்க வேண்டும். காரீயம் கலந்திருந்தால் உடம்புக்கு விஷம், பார்வையில் பிரித்தறிய முடியாது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத பழைய சொம்பைச் சோதித்துப் பார்க்காமல் அடுப்பில் ஏற்ற நான் துணிய மாட்டேன். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், வெறும் சொம்பைத் தீயில் வைத்தால் கண் முன்னால் வழிந்து போகும். எனாமலுக்கு அம்மா அந்தக் கடையில் பார்த்ததுதான். உள்பக்கம் பொரிந்து இரும்பு தெரிந்தால் அலமாரியில் வைக்கலாம், சமையலுக்கு ஆகாது. அம்மா மூடியைத் திறந்தது அதற்குத்தான்.

பழசு போலச் செய்த புதுசும் நிறைய இருக்கிறது. அமிலம் தடவிப் பச்சையேற்றிய விளக்கு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கறுத்திருக்கும். புழங்கிய விளக்கு அப்படி இருக்காது. கை பிடிக்கும் தண்டு வழவழத்திருக்கும், அடி தேய்ந்திருக்கும், கை எட்டாத இடுக்கில் மட்டும் கறுப்பு நிற்கும். ரவிவர்மா படங்களும் அப்படித்தான். அவருடைய அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கியது. அந்தக் காலத்து ஓலியோகிராப் படத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். இன்றைய ஆஃப்செட் அச்சில் சின்னச் சின்னப் பூப்போல வரிசை பிடித்திருக்கும். சரிகையும் சம்கியும் ஒட்டி அலங்கரித்த படம் என்றால் செட்டிநாட்டு வீட்டிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் ஒட்டியது போன மாதமா என்றும் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் பார்க்க வேண்டுமானால் பொருளைக் கையில் எடுக்க விட வேண்டும். தட்ட, திருப்ப, வெளிச்சத்துக்குக் கொண்டுபோக விட வேண்டும். தொடாதே என்கிற கடை, அறிந்து வாங்கும் வழியையே அடைத்துவிடுகிறது. உடையும் பொருளாக இருந்தால் கடைக்காரரே எடுத்துக் காட்டட்டும், அதில் யாருக்கும் குறைவில்லை. வாங்கிய பிறகு பில் கேளுங்கள். பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் 'பழைய சாமான்' என்று மட்டும் எழுதாமல் இன்ன உலோகம், இன்ன பொருள், எத்தனை எடை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வெண்கலம் என்று வாயால் சொன்னவர் எழுதத் தயங்கினால், உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

என்னை உட்கார வைத்துப் பேசிய கடைக்காரரிடம் நான் அடிக்கடி போகிறேன். எல்லாத் தடவையும் வாங்குவதில்லை, அவரும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு நாள் ஒரு டப்பா நிறைய உதிரிச் சாமான் கொட்டி வைத்திருந்தார். கீல், குமிழ், சங்கிலித் துண்டு. அதற்குள் உள்ளங்கையளவு ஒரு பித்தளை வில்லை, நடுவில் ஒரு நீளப் பிளவு, பிளவின் ஒரு பக்கம் சீப்புப் பல் போல வெட்டு. "ஏதோ விளக்கோட மூடி போலம்மா, எடைக்குப் போட்டுரலாம்னு இருக்கேன்" என்றார்.

அது சீப்புச்சீடை அச்சு. தேன்குழல் பிழியும் கருவிக்குள் அந்த வில்லையைப் போட்டுப் பிழிந்தால் வரிவரியாக நாடா விழும். அதைத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் விரலில் சுற்றி ஓரத்தை ஒட்டி எண்ணெயில் போடுவார்கள். தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்த மாவு. அம்மா ஒரு கல்யாணத்துக்கு ராத்திரி முழுக்கச் சுற்றுவார், பக்கத்தில் உட்கார்ந்து நானும் சுற்றியிருக்கிறேன். சொன்னேன். அவர் எழுந்து பின்கட்டுக்குப் போய்க் குவியலைக் கிளறி, அடி திறந்து கிடந்த ஒரு பித்தளைக் குழலைக் கொண்டுவந்தார். வில்லை உள்ளே சரியாக உட்கார்ந்தது. குழலின் பக்கத்தில் விலாசம் வெட்டியிருந்தது. "இதை ராவிறாதீங்கண்ணே" என்றேன். "இல்லம்மா" என்று சொல்லி, ஒரு சீட்டில் சீப்புச்சீடை அச்சு என்று எழுதி நூலில் கட்டினார்.

பிறகு போனில் கூப்பிட்டுச் சொன்னார். பள்ளத்தூரிலிருந்து வந்த ஒரு ஆச்சி சீட்டைப் படித்துவிட்டு, பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போனாராம். இன்னும் ஐந்தாறு பொருளுக்குப் பெயர் தெரியாமல் வைத்திருக்கிறாராம், அம்மாவையும் கூட்டி வரச் சொன்னார். அம்மாவால் இப்போது படி ஏற முடியாது. பொருள்களைப் படம் எடுத்து அனுப்புங்கள் அண்ணே என்று சொல்லியிருக்கிறேன்.